சமையற்காரருக்கு மேலே, பணியாளருக்குக் கீழே!

வியன்னா நகரத்திலே ஒரு மாளிகை. 1781-ஆம் ஆண்டு, வசந்த காலம். நடுப்பகல் உணவு வேளை. பேராயரின் பரிவாரத்துக்கு மேசை போடப்பட்டிருக்கிறது. தலைப்புறத்திலே, பேராயருக்கு உடை மாட்டிவிடும் அந்தரங்கப் பணியாளர் இருவர். கீழ்க்கோடியிலே சமையற்காரர்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓர் இளைஞர், வயது 25. ஆறு வயதிலே பேரரசியின் அரண்மனையிலே வாசித்துக் காட்டியவர். பதினான்கு வயதிலே, இத்தாலி நாட்டு மிலான் நகரிலே, தாம் எழுதிய இசை நாடகத்தை அரங்கேற்றியவர். அதே வயதிலே ரோமாபுரிப் போப்பாண்டவரே அழைத்து வீரப்பட்டம் சூட்டியதுமுண்டு. போப்பாண்டவர் பட்டம் சூட்டினார். போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்ட பேராயர், பணியாளருக்குக் கீழே பலகை போட்டார்! அந்த இளைஞர்தான் மொசார்ட்.

சமையற்காரர் பக்கத்திலே உட்காருவது இழிவா என்று தோழர்கள் கேட்கக்கூடும். இழிவில்லை. அடுப்படியிலே வேகிறவனும் உழைப்பாளி, இசைக்கட்டையிலே விரல் தேய்கிறவனும் உழைப்பாளி. நாம் கவனிக்க வேண்டியது வேறு. சமையற்காரர் ஆக்கியதைப் பேராயர் உண்டார், தீர்ந்தது. மொசார்ட் ஆக்கியதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் உண்டுகொண்டே இருக்கிறது, இன்னும் தீரவில்லை. தீராத பண்டத்தை ஆக்கியவருக்கு அளந்த கூலி எவ்வளவு? அளந்தவர் யார்? எந்தப் படியால் அளந்தார்? கலைஞன் வாழ்க்கை என்றதும் கனவு, காதல், கண்ணீர் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாம் கணக்கேட்டைப் புரட்டுவோம்.

1756-ஆம் ஆண்டு ஜனவரி 27-ல் சால்ஸ்பர்க் என்ற ஊரிலே பிறந்தார் மொசார்ட். இன்று அது ஆஸ்திரியா நாட்டு ஊர்; அன்று தனி அரசு. அரசர் யார்? பேராயர்! ஒரே தலையிலே இரண்டு முடிகள். ஆத்மாவுக்கும் அவரே அதிபர், தானியக் களஞ்சியத்துக்கும் அவரே அதிபர். தந்தை லியோபோல்ட், புத்தகம் கட்டும் தொழிலாளியின் மகன். பேராயரின் அரண்மனையிலே வயலின் வாசித்துப் பிழைத்தவர். வயலின் பயிற்சிக்காக அவர் எழுதிய நூல் மகன் பிறந்த ஆண்டிலேயே அச்சேறியது. பிறந்த பிள்ளைகள் ஏழு, பிழைத்தவை இரண்டு. மூத்தவள் நானெர்ல், இளையவன் நம் மொசார்ட். இருவரும் இசையிலே சூரப்புலிகள்.

பிள்ளைகளின் விரலிலே பொன் விளையும் என்று கண்டார் தந்தை. 1762-லேயே வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். பேரரசி மரியா தெரசா மகிழ்ந்து 100 பொற்காசும், இளவரசனுக்கென்று தைத்த உடுப்பு ஒன்றும் அளித்தாள். அடுத்த ஆண்டு கிளம்பியவர்கள் மூன்றரை ஆண்டுகள் ஊர் திரும்பவில்லை. மியூனிச், பாரிஸ், லண்டன், ஹேக்! அரண்மனை அரண்மனையாக வாசிப்பு. கூலி? மூக்குப்பொடி டப்பா, மோதிரம், கடிகாரம். வண்டிக்காரன் மூக்குப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டியோட்டுவானா? விடுதிக்காரன் மோதிரத்தைப் பார்த்துச் சோறு போடுவானா? பிரபுக்களுக்கு இந்தக் கவலை கிடையாது. கொடுத்தது தங்கம், கொடுத்த கை தங்கக் கை. அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

லண்டனிலே, 1765-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடந்ததைத் தோழர்கள் மறக்கக்கூடாது. அரண்மனை வாசலிலே வரவேற்பு குறைந்துபோயிற்று. கார்ன்ஹில் பகுதியிலே ஒரு சாராயக் கடையின் கூடம். நாள்தோறும் பகல் 12 மணி முதல் 3 மணி வரை, தலைக்கு இரண்டரை ஷில்லிங் கொடுத்தால் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்க்கலாம். இசைக்கட்டையின் மீது துணியைப் போர்த்தி மூடி, கண்ணுக்குத் தெரியாமலே வாசிக்கும் வித்தையும் உண்டு. ஒன்பது வயதுப் பையன். பதினான்கை எட்டப்போகும் பெண். தந்தை பேராசைக்காரரா? நாம் அவ்வளவு எளிதிலே தீர்ப்பளிக்கமாட்டோம். நான்கு வயிறு, அந்நிய நாடு, ஊரிலே விடுப்பு எடுத்து வந்த வேலை. ஹேக் நகரிலே பிள்ளைகள் இருவரும் காய்ச்சலிலே விழுந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்கள். மீண்டதும், மறுபடி வாசிப்பு.

இந்தக் கடிகார விவகாரம் பின்னாளிலும் விடவில்லை. 1777-ல் மன்ஹைம் நகரிலே வாசித்தபோது, அந்நாட்டு அதிபர் கொடுத்தது ஒரு தங்கக் கடிகாரம். மொசார்ட்டுக்கு வேண்டியதோ வழிச்செலவுக்குப் பணம். ஏற்கெனவே கையிலிருந்தவற்றோடு சேர்த்து அது ஐந்தாவது! இனிமேல் கால்சட்டையின் இரு பக்கமும் பை தைத்து, ஆளுக்குத் தெரியும்படி இரண்டு கடிகாரம் மாட்டிக்கொண்டு போக வேண்டும், அப்போதாவது எந்தப் பிரபுவும் இன்னொன்று கொடுக்கமாட்டான் என்று தந்தைக்கு வேடிக்கையாக எழுதினார். வேடிக்கைதான்! வயிறு எரிந்தால் அறிவாளிக்கு வரும் வேடிக்கை.

உடுப்பு கொடுத்த பேரரசியின் உள்ளம் எப்படிப்பட்டது? 1771-ல், மிலானிலே ஆட்சி செய்த அவள் மகன், 15 வயது மொசார்ட்டை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். தாயின் பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. பயனற்றவர்களைச் சுமந்துகொள்ளாதே, பிச்சைக்காரரைப் போல ஊர் சுற்றுகிறவர்கள் வேலையிலிருந்தால் அரண்மனைக்கே இழிவு என்பது அதன் சாரம். ஊர் சுற்ற வைத்தது யார் என்று அந்த அம்மையாருக்குத் தெரியாது போலும்.

அன்றைய ஐரோப்பாவிலே இசைவாணன் என்றால் சீருடை அணிந்த வேலையாள். மொசார்ட் பின்னாளில் தந்தைபோல் மதித்த ஹைடன், எஸ்டர்ஹாசி பிரபுவிடம் 1761-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். வெள்ளைக் காலுறை, பவுடர் பூசிய தலை, நாளுக்கு இரண்டு முறை பிரபுவின் வாசற்கூடத்திலே வந்து நின்று, இன்று இசை உண்டா இல்லையா என்று கேட்டறிய வேண்டும். எழுதும் இசை அனைத்தும் பிரபுவுக்கே சொந்தம். வெளியே ஒரு படி போகக்கூடாது. பிரபுவின் அனுமதியின்றிப் பிறருக்கு எழுதவும் கூடாது. ஆளும் அடிமை, ஆக்கமும் அடிமை!

மொசார்ட்டுக்குச் சால்ஸ்பர்க்கிலே 1769 முதலே பதவி இருந்தது, ஊதியம்தான் இல்லை. கொலோரெடோ பேராயரான 1772-ல் ஆண்டுக்கு 150 குல்டன் என்று போட்டார்கள். பொறுத்துப் பார்த்து, 1777-ல் வேலையை உதறிவிட்டுத் தாயோடு புறப்பட்டார். பாரிஸிலே ஒரு கோமகனின் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தந்தையும் மகளும் சேர்ந்து வாசிக்கவென்று புல்லாங்குழலுக்கும் யாழுக்குமாக ஓர் இசைப்படைப்பும் எழுதிக் கொடுத்தார். கூலி கேட்டபோது, பாடத்துக்குப் பேசியதிலே பாதியை நீட்டினார்கள். படைப்புக்கு ஒன்றும் வரவில்லை. பாதியை வாங்க மறுத்துத் திரும்பினார் மொசார்ட். அந்தப் பாரிஸ் நகரிலேயே 1778 ஜூலை 3-ல் தாய் நோயுற்று மாண்டாள். தாயை அந்நிய மண்ணிலே புதைத்துவிட்டு, கையிலே காசில்லாமல், மீண்டும் பேராயரின் கொட்டடிக்கே வந்து சேர்ந்தார். இம்முறை தேவாலய ஆர்கன் வாசிக்கும் வேலை. ஆண்டுக்கு 450 குல்டன். இந்த எண்ணை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேசைக்குத் திரும்புவோம். 1781-ல் வியன்னாவுக்கு வந்த பேராயர், தம் செல்வத்தைக் காட்டக் குதிரைகளைக் கொண்டுவந்தது போலவே இசைவாணர்களையும் கொண்டுவந்தார். பேராயர் அழைத்த இடத்திலே வாசிக்க வேண்டும். வேறு எவர் அழைத்தாலும் அனுமதி கேட்க வேண்டும். ஏப்ரல் 8-ஆம் நாள் ஒரு சீமாட்டியின் மாளிகையிலே இசை விருந்து, பேரரசர் ஜோசப் அங்கே வருகிறார், மொசார்ட்டுக்கு அழைப்பு. அன்று மாலையே பேராயரின் மாளிகையிலும் கச்சேரி. போகக்கூடாது என்பது கட்டளை! சீமாட்டி வீட்டிலே வாசித்தவர்களுக்கு ஆளுக்கு 50 டூக்கட் கிடைத்தது. டூக்கட் என்பது பொற்காசு. ஒன்றுக்கு நாலரை குல்டன். ஐம்பதுக்கு 225 குல்டன்! ஆண்டு முழுதும் ஆர்கனிலே அமர்ந்து பெறும் சம்பளத்திலே சரிபாதி, ஒரே மாலையிலே போயிற்று. பேராயரின் கூடத்திலே அன்று கிடைத்தது, வேலைக்காரன் வேலை செய்தான் என்ற பெயர்.

சீற்றம் வந்தது. மே மாதத்திலே பேராயரின் முன்னிலையிலேயே சொற்போர். மதகுருவின் வாயிலிருந்து வந்த வசவுகளை மகன் தந்தைக்கு எழுதினார். நாம் அவற்றை இங்கே எழுதி ஏட்டை அழுக்காக்க வேண்டாம். விலகல் மனுவை நீட்டினார் மொசார்ட். அதிகாரியான ஆர்க்கோ பிரபு வாங்க மறுத்தார். மறுபடி நீட்டினார், மறுபடி மறுப்பு. ஜூன் 8-ஆம் நாள் மனுவோடு வந்த மொசார்ட்டைப் பின்புறத்திலே காலால் உதைத்து வெளியே தள்ளினார் அந்தப் பிரபு! உதைத்த கால் எந்தக் கால், இடதா வலதா என்று எவனும் இன்று கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிரபுவின் பெயரை உலகம் நினைவிலே வைத்திருப்பதற்கு அந்த ஓர் உதையைத் தவிர வேறு காரணமும் இல்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. உதைப்பதற்கு முன்பு அதே ஆர்க்கோ, அறிவுரை போல ஒன்று சொன்னார். வியன்னாவை நம்பாதே, தலையிலே தூக்கி வைக்கும், சில திங்கள் கழிந்தால் புதிய முகம் தேடும் என்பது அது. பகைவன் சொன்னதானாலும், அதிலே ஓரளவு பலித்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கட்டு அறுந்தது. ஊதியமும் அறுந்தது. இனி ஒவ்வொரு காசையும் தாமே தேட வேண்டும். முதலிலே பாடம் சொல்லிக் கொடுத்தல். 12 பாடத்துக்கு 6 டூக்கட் என்று பேசிக்கொள்வது வழக்கம். சீமாட்டிகளோ, இன்று தலைவலி, நாளை நடனம் என்று பாடத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய நாளுக்குக் கூலி இல்லை. ஆலையிலே பஞ்சு வரவில்லை என்று கதவடைத்தால் யாருக்கு நட்டம் என்பது நம் தோழர்களுக்குத் தெரியாதா? மொசார்ட் ஒரு முடிவு செய்தார்: பாடக்கணக்கு கிடையாது, மாதக்கணக்கு, வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 6 டூக்கட். 1782 தொடக்கத்திலே மூன்று மாணவியர்; மாதம் 18 டூக்கட். அவ்வாண்டு ஆகஸ்டு 4-ல் கான்ஸ்டன்ஸை மணந்தார்.

அடுத்தது கச்சேரி. அந்நாளிலே தவக்காலத்திலே நாடக அரங்குகள் மூடிக்கிடக்கும். இசைக்கு அதுதான் அறுவடைக்காலம். 1784-ல் பிப்ரவரி 26 முதல் ஏப்ரல் 3 வரை 22 நிகழ்ச்சிகள்! கூடத்தை வாடகைக்கு எடுப்பவரும் அவரே, இசைக்குழுவைத் திரட்டுபவரும் அவரே, பெயர்ப்பட்டியல் எழுதுபவரும் அவரே, புதிய இசை எழுதுபவரும் அவரே, மேடையிலே வாசிப்பவரும் அவரே. அவ்வாண்டு தாமே நடத்திய மூன்று கச்சேரிக்குத் தலைக்கு 6 குல்டன் சந்தா. சேர்ந்தவர் 174 பேர். ஆயிரத்து நாற்பத்து நான்கு குல்டன்! மறு ஆண்டு தந்தை மகனைக் காண வந்தார். ஒரே இரவுக் கச்சேரியிலே 559 குல்டன் வசூலானதைக் கண்ணாரக் கண்டார். பியானோவை வீட்டிலிருந்து அரங்கத்துக்கும் மாளிகைகளுக்கும் சுமந்து செல்வதும் திரும்பக் கொண்டுவருவதுமாக, தாம் தங்கியிருந்த காலத்திலே மட்டும் பன்னிரண்டு முறையாவது நடந்தது என்று மகளுக்கு எழுதினார். அந்தக் கிழவர் குறித்து வைத்த இன்னொரு கணக்கு: மகனின் வீட்டு வாடகை ஆண்டுக்கு 460 குல்டன். பேராயர் அளந்த சம்பளம் 450 என்று நினைவிலே வைக்கச் சொன்னோமே! முன்பு ஆண்டெல்லாம் வாசித்துப் பெற்றதைவிடப் பத்து குல்டன் கூடுதலாக, இப்போது கூரைக்கு மட்டும் கொடுத்தார்.

ஊதாரி, உல்லாசி, அதனால்தான் கெட்டார் என்று சிலர் எழுதுவார்கள். வீடு பெரிது, உடை பகட்டு, பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது, எல்லாம் மெய். அதே வீட்டிலே வேலை செய்த பணிப்பெண்ணுக்கு ஆண்டுக்கு 12 குல்டன் என்பதும் மெய். அதையும் மறைக்கமாட்டோம்; மொசார்ட் ஏழைகளில் ஏழை அல்லர். ஆனால் பிரபுக்களுக்குப் பாடம் சொல்லப் போகிறவன் கந்தையோடு போனால் வாயிற்காவலனே விரட்டுவான். தச்சனுக்கு உளி போல அவருக்கு உடுப்பு ஒரு கருவி. அவர் வாழ்விலே விழுந்த ஓட்டை, பில்லியர்ட்ஸ் மேசையைவிடப் பெரியது.

அது என்ன? இசை நாடகத்துக்கு ஒரு முறைதான் கூலி. எழுதிக் கொடுத்ததும் 100 டூக்கட். அதற்குப் பிறகு நூறு இரவு நடந்தாலும், நூறு ஊரிலே நடந்தாலும், எழுதியவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. 1782 ஜூலையிலே அவருடைய துருக்கிக் கதை இசை நாடகம் வெற்றி பெற்றது. வெற்றி பெற்ற சில நாட்களுக்குள் மொசார்ட் இரவும் பகலும் உட்கார்ந்து, அதன் மெட்டுகளை ஊதுகருவிக் குழுவுக்கேற்ப மாற்றி எழுத முனைந்தார். ஏன் இந்த அவசரம்? தாம் செய்யாவிட்டால் வேறொருவன் செய்து விற்று லாபத்தை விழுங்கிவிடுவான். தடுக்கச் சட்டம் இல்லை! சொந்த வீட்டுக்குள் திருடன் நுழையுமுன் சொந்தக்காரன் ஓடவேண்டிய ஓட்டம் அது. பியானோவுக்கான ஏற்பாட்டிலே அவர் முந்தவில்லை. ஆக்ஸ்பர்க் நகரிலே ஒருவர் அச்சிட்டே விட்டார். பிரதி எடுக்கும் எழுத்தர்கள் கூடுதலாக ஒரு படி எடுத்து விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி, தம் வீட்டிலேயே, தம் கண்ணெதிரிலேயே எழுத வைத்தார்.

1786 மே 1-ல் அரங்கேறியது ஃபிகாரோவின் திருமணம். வேலைக்காரன் பிரபுவை மடக்கும் கதை! பணியாளருக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு எத்தகைய கதை பிடிக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு நாட்டு போமார்ஷே எழுதிய நாடகம் அது. வியன்னாவிலே நடிக்கத் தடை விதித்திருந்தார் பேரரசர். பாட்டாக்கி, பல்லைக் கொஞ்சம் பிடுங்கி, அனுமதி பெற்றார்கள். மொசார்ட்டுக்கு வழக்கமான 450 குல்டன். பிராக் நகரம் அந்த மெட்டுகளிலே மயங்கிக் கிடந்தது. மயக்கத்துக்கு விலை இல்லை. அங்கே மறு ஆண்டு அக்டோபர் 29-ல் அரங்கேற்ற, டான் ஜியோவானி என்ற புதிய நாடகம் எழுதியதற்குத்தான் மீண்டும் 100 டூக்கட்.

இங்கே கொஞ்சம் நின்று, கதை கொடுத்த போமார்ஷேயைப் பார்க்க வேண்டும். அவருக்கும் இதே நோவு. பாரிஸின் பெரிய நாடக அரங்கம் அவருடைய நாடகத்தை நடத்தி வசூலைக் குவித்தது, கணக்குக் காட்டச் சொன்னார், மழுப்பினார்கள். அவர் தனியாக மனு எழுதிக்கொண்டு நிற்கவில்லை. 1777-ஆம் ஆண்டு ஜூலையிலே, நாடகம் எழுதும் பேனாக்காரர்களைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்தார். விருந்து முடிவதற்குள் சங்கம் பிறந்தது! பதினான்கு ஆண்டுப் போராட்டம். புரட்சி வந்தது. 1791 ஜனவரியிலே பிரெஞ்சு மன்றம் சட்டம் செய்தது: உயிரோடிருக்கும் ஆசிரியனின் எழுத்து இசைவு இல்லாமல் அவன் நாடகத்தை எந்த அரங்கிலும் நடத்தக்கூடாது. அது சட்டமான அதே ஆண்டின் டிசம்பரிலே, அவர் கதைக்கு இசை எழுதிய மொசார்ட் வியன்னாவிலே செத்துக்கொண்டிருந்தார்.

வியன்னாவிலே சங்கமே இல்லையா? இருந்தது! 1771-ல் தொடங்கியது, இசைவாணர் இறந்தால் மனைவிக்கும் மக்களுக்கும் உதவித்தொகை தரும் சங்கம். அதன் நிதிக்காக நடந்த கச்சேரிகளிலே மொசார்ட் ஊதியம் வாங்காமலே வாசித்தார். 1785-ல் உறுப்பினராகச் சேர விண்ணப்பமும் போட்டார். ஞானஸ்நானச் சான்றிதழ் இணைக்கவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். ஒரு துண்டுக் காகிதம்! ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருக்கலாம், அவர் கொடுக்கவில்லை, அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. உறுப்பினராகாமலே போனார். சந்தா ரசீதைச் சட்டைப்பையிலே மடித்து வைத்திருக்கும் தோழர்களுக்கு, இதன் பொருளை நாம் சொல்லவா வேண்டும்?

1787 டிசம்பரிலே பேரரசர் அரண்மனையிலே இசையாசிரியர் பதவி கொடுத்தார். முன்பு அந்தப் பதவியிலிருந்த குளுக் என்பவருக்கு 2,000 குல்டன், மொசார்ட்டுக்கு 800. எழுதச் சொன்ன இசையோ, அரண்மனை நடனக் கூடத்திலே குளிர்காலத்தில் ஆட்டம் போட நடன மெட்டுகள்! உலகின் தலைசிறந்த இசைச்சிற்பியிடம் செங்கல் அடுக்கும் வேலை. ஆனாலும் மெட்டுகளை மட்டமாகச் செய்யவில்லை அவர். தொழிலாளியின் மானம் அது.

அடுத்த ஆண்டு துருக்கியோடு போர். பிரபுக்களில் பலர் போர்முனைக்கோ பண்ணைக்கோ போய்விட்டார்கள், விலைவாசி ஏறிற்று, இசைக் கச்சேரிக்கு ஆளில்லை. பேரரசன் போர் தொடுத்தான், பியானோக்காரன் வயிறு சுருங்கிற்று. 1788-ஆம் ஆண்டு கோடையிலே இரண்டு திங்களுக்குள் மூன்று பெரிய சிம்பொனிகளை எழுதினார். இன்று உலகெங்கும் முழங்குபவை. அதே கோடையிலேதான் பூக்பெர்க் என்ற துணி வணிகருக்குக் கடன் கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒரு கை சிம்பொனி எழுதுகிறது, மறுகை கடன் கடிதம் எழுதுகிறது! மனைவிக்கு நோய், மருத்துவச் செலவு, பிறந்த பிள்ளைகளின் சாவு. அந்த வணிகர் நல்லவர். கேட்டதைவிடக் குறைவாகவேனும் கொடுத்துக்கொண்டே இருந்தார். சில ஆண்டுகளிலே மொத்தம் சுமார் 1,400 குல்டன். 1789-ல் மறுபடி சந்தாக் கச்சேரி நடத்தப் பட்டியல் அனுப்பினார் மொசார்ட். முன்பு 174 பேர் எழுதிய பட்டியல். இப்போது திரும்பி வந்ததில் ஒரே ஒரு பெயர், பழைய நண்பர் ஸ்வீட்டன் பிரபுவுடையது. ஆர்க்கோவின் சொல்!

1790-ல் புதிய பேரரசரின் முடிசூட்டு விழாவுக்குப் பிராங்பர்ட் சென்றார். அரசவை அழைக்கவில்லை, சொந்தச் செலவு, வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை அடகு வைத்துப் புறப்பட்டார். புகழ் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

1791-ல் காற்று திரும்புவது போலிருந்தது. செப்டம்பர் 30-ல் வியன்னாவின் புறநகர்க் கொட்டகை ஒன்றிலே மாயக் குழல் அரங்கேறியது. அரண்மனை அரங்கமல்ல, சாதாரண மக்கள் வந்து சிரித்துக் கைதட்டும் கொட்டகை. நாளுக்கு நாள் கூட்டம் பெருகிற்று. அதே ஆண்டிலே பெயர் சொல்லாத ஒருவர், இறந்தவர்க்கான வழிபாட்டு இசை எழுதித் தரச் சொல்லிப் பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்தார். யமன் அனுப்பிய தூதன் என்று கதை கட்டினார்கள் பின்னால். யமனுமில்லை, தூதனுமில்லை! வால்செக் என்ற பிரபு, இளவயதிலே இறந்த மனைவியின் நினைவுக்காக இசை வேண்டினான். வாங்கி, தன் கையாலே படியெடுத்து, தானே எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆகவேதான் பெயர் சொல்லவில்லை. எழுதி முடிக்குமுன் மொசார்ட் படுக்கையிலே விழுந்தார். டிசம்பர் 5-ல், 36 வயது நிறையுமுன், உயிர் பிரிந்தது. குறையை மாணவர் சுஸ்மாயர் முடித்தார். 1793 டிசம்பர் 14-ல் பிரபு அதைத் தன் பெயரால் நடத்தியும் விட்டான். கடிகாரம் கொடுத்த பிரபுக்களைவிட ஒருபடி மேலே சென்றவன் இவன். பணம் கொடுத்துப் பெயரை வாங்கப் பார்த்தான்.

பிச்சைக்காரப் பிணம் போலப் புதைத்தார்கள் என்று பலர் உருக்கமாக எழுதுவதுண்டு. உண்மை அவ்வளவு உருக்கமில்லை. மூன்றாம் வகுப்பு அடக்கம்; 8 குல்டன் 56 குரூசர், வண்டிக்கு 3 குல்டன். நகரமக்களில் பெரும்பாலோருக்கு அன்று அதுவே வழக்கம். ஆடம்பரச் சவ ஊர்வலங்களைப் பேரரசரே சட்டம் போட்டு வெட்டியிருந்தார். சாதாரண உழைப்பாளி எப்படிப் போனானோ அப்படிப் போனார்.

வீட்டிலே எண்ணிய ரொக்கம் 60 குல்டன். தையற்காரர், மருந்துக்கடைக்காரர் என்று பாக்கி 918 குல்டன் சொச்சம். இது தவிர, லிக்னோவ்ஸ்கி என்ற பிரபு, நண்பராக ஒரே வண்டியிலே பெர்லினுக்குக் கூட்டிச் சென்றவர், வழக்குப் போட்டு 1,435 குல்டனுக்குத் தீர்ப்பு வாங்கியிருந்தார். சாவுக்கு ஒரு மாதத்துக்கு முன், நவம்பரிலே! இந்தச் செய்தி 1991-ல்தான் பழைய நீதிமன்ற ஏடுகளிலிருந்து வெளிப்பட்டது. பூக்பெர்க்கோ, விதவையை நெருக்கவில்லை. அந்தத் துணி வணிகரும் பிற்காலத்திலே நொடித்து, 1822-ல் ஏழையாகவே இறந்தார்.

கான்ஸ்டன்ஸுக்கு வயது 29. கையிலே இரண்டு பிள்ளைகள். இளையது நான்கு மாதக் குழந்தை. சங்கத்திலிருந்து உதவித்தொகை வராது, கணவர் உறுப்பினரல்லர். அரண்மனை ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும்; கணவர் செய்தது நான்கு. அந்தப் பெண் துவளவில்லை. பேரரசரிடம் மனுக் கொடுத்து, சம்பளத்திலே மூன்றிலொரு பங்கு, ஆண்டுக்கு 266 குல்டன் 40 குரூசர், பெற்றாள். கணவரின் இசையை நடத்தி வசூல் திரட்ட லைப்சிக், பெர்லின் என்று ஊர் ஊராகச் சென்றாள். கடனை அடைத்தாள். மீதியிருந்த கையெழுத்துப் படிகளை ஆண்ட்ரே என்ற பதிப்பாளருக்கு 1799-ல் 3,150 குல்டனுக்கு விற்றாள். அந்தக் கட்டுகளை இன்று எவராலும் விலை மதிக்க முடியாது. ஊதாரி மனைவி என்று அவளை ஏசியவர்கள் அவள் கணக்கேட்டைப் பார்க்கவில்லை.

சால்ஸ்பர்க்கிலேயே கடைசிக் காலத்தைக் கழித்து, 1842 மார்ச்சிலே, 80 வயதிலே இறந்தாள். ஆறு திங்கள் கழித்து, செப்டம்பரிலே, அந்த ஊர்ச் சதுக்கத்திலே மொசார்ட்டுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். சதுக்கத்தைக் கடந்தால் பேராயரின் பழைய மாளிகை. கொலோரெடோ அங்கே இல்லை. பிரெஞ்சுப் படை நெருங்கியபோது 1800-ல் ஓடியவர், அரசையும் இழந்து, 1812-ல் வியன்னாவிலே முடிந்துபோனார்.